குழந்தை உயிருக்கு விலை பார்க்கலாமா?

பெட்டி வந்து மூன்று நாள் பிரிக்காமலேயே கூடத்தில் கிடந்தது. பாப்பா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகிவிட்டாள். உள்ளே இருந்தது காரில் குழந்தையை உட்காரவைக்கும் சீட். விலை 5,400 ரூபாய். பெட்டியைப் பிரித்துவிட்டால் திருப்பி அனுப்ப முடியாது. திருப்பி அனுப்பிவிட்டு 32,000 ரூபாய் சீட்டைத் தவணையில் வாங்குவதா, இதையே வைத்துக்கொள்வதா என்று நாங்கள் இருவரும் மூன்று இரவு பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்பதுதான் சரி.

இதை இங்கே எழுதுவதா என்று தயக்கம் இருந்தது. ஊருக்குள் பஸ் வரவில்லை என்று மனு எழுதிக்கொண்டிருக்கும் தோழர்கள் படிக்கிற இடம் இது. கார் வைத்திருப்பவர்களின் கவலை நமக்கெதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இதைப் படிக்கும் பலர் குடும்பத்தில் முதல் தலைமுறையாகச் சம்பளம் வாங்குகிறவர்கள், வாங்கப் போகிறவர்கள். இன்னும் சில வருடத்தில் ஒரு பழைய கார் வாங்குவீர்கள். கைக்குழந்தையோடு ஒரு கடைக்குள் போவீர்கள். அங்கே எங்களிடம் கேட்கப்பட்ட கேள்வி உங்களிடமும் கேட்கப்படும். அதற்காகத்தான் எழுதுகிறோம்.

2023 பிப்ரவரி. பாப்பாவுக்கு ஒன்பது மாதம், எட்டு கிலோ. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் 2013 மாடல் சின்ன கார் ஒன்றை 1,85,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தோம். அதுவரை எல்லாம் பைக்தான். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் பாப்பாவைத் துப்பட்டாவால் வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்காருவோம். எங்கள் வீடு விழுப்புரத்தில். ஆயா வீடு திண்டிவனம் போகும் வழியில், நெடுஞ்சாலையை ஒட்டிய ஊரில். நாங்கள் வேலை பார்க்கும் கிராமங்கள் அதைச் சுற்றி இருக்கின்றன. காலையில் பாப்பாவை ஆயாவிடம் விட்டுவிட்டு மாலையில் கூட்டிக்கொண்டு திரும்புவோம். ஆம்னி பஸ் பக்கத்தில் கடக்கும்போது பைக்கை ஒரு முழம் தள்ளிவிடும் காற்று இருக்கிறதே, அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு மழை மாலையில் விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் நனைந்து நின்றபோதுதான் எப்படியாவது ஒரு கார் வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

கார் வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தோம். இரண்டாவது வாரமே, மீடியன் இடைவெளியில் ஒருவர் சைக்கிளோடு குறுக்கே வர, பிரேக் போட்டதில் மடியில் இருந்த பாப்பாவின் நெற்றி முன் சீட்டின் முதுகில் போய் இடித்தது. பெரிய அடி இல்லை. நெல்லிக்காய் அளவு வீக்கம். ஆனால் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். அந்தக் கைகள் ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் அன்று இரவு தூங்கவிடவில்லை.

புதுச்சேரியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வரிசையாக சீட்டுகள். 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே தொடங்கி 50,000 வரை. விற்பனையாளர் இளைஞர், மரியாதையாகவே பேசினார். நாங்கள் கீழ் வரிசையிலேயே நின்று விலைச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சொன்னார்:

“குழந்தை உயிருக்கு விலை பார்க்கலாமா சார்?”

அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவருக்கும் மாத டார்கெட் இருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எத்தனை வேலை செய்கிறது பாருங்கள். பணம் இருப்பவரிடம் அது விற்பனைப் பேச்சு மட்டும்தான். இல்லாதவரிடம் அது குற்றச்சாட்டு. நாளை ஏதாவது ஆனால் காரணம் சாலை இல்லை, லாரி இல்லை, கார் இல்லை. 5,400 ரூபாய் சீட்டை எடுத்த நீங்கள்தான். காரியம் நடப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறது. எதுவும் வாங்காமல் வெளியே வந்தோம். பிறகு வீட்டிலிருந்தே, யார் முகத்தையும் பார்க்காமல், போனில் அந்த 5,400 ரூபாய் சீட்டை ஆர்டர் செய்தோம். செய்த நிமிடத்திலிருந்து குற்ற உணர்ச்சி.

எங்கள் இருவருக்கும் ‘சீப்’ என்பது வெறும் விலையைச் சொல்லும் சொல் இல்லை. விடுதியில் படித்தவர்கள் நாங்கள். எங்களுக்கென்று வந்தது எல்லாம் பெரும்பாலும் இரண்டாம் தரமாகத்தான் வந்தது. அரிசியில் புழு, போர்வையில் ஓட்டை, ஒரே மாதத்தில் வாய் பிளந்த செருப்பு. அதனால் மலிவான பொருளைக் கையில் எடுத்தாலே எங்கே கிழியும், எங்கே உடையும் என்று விரல் தானாகத் தேடும். ரசீதை மடித்து வைக்கும் பழக்கமும் அப்படி வந்ததுதான். செருப்பு கிழிந்தால் நடந்துகொள்ளலாம். எட்டு கிலோ குழந்தையைக் கட்டி வைக்கும் வார் கிழிந்தால்?

இந்தச் சமயத்தில் இன்னொன்றும் நடந்தது. தெரிந்த ஒரு நண்பர், வசதியானவர், நல்லவர், எங்கள் வேலைக்குப் பலமுறை உதவியவர், தன் மகன் உபயோகித்த உயர்ந்த ரக சீட் மொட்டை மாடி அறையில் சும்மா கிடப்பதாகவும், வந்து எடுத்துக்கொள்ளும்படியும் சொன்னார். நாங்கள் வேண்டாம் என்றோம். சொன்ன காரணம் சரியான காரணம்தான்: மற்றவர் உபயோகித்த சீட் விபத்தில் சிக்கியதா என்பது வெளியே பார்த்தால் தெரியாது, பிளாஸ்டிக்கில் உள்விரிசல் இருக்கலாம், மொட்டை மாடி வெயிலில் வருடக்கணக்கில் கிடந்த பிளாஸ்டிக்கை நம்ப முடியாது, பயன்பாட்டுக் காலமும் முடிந்திருக்கலாம். ஆனால் அது மட்டும்தான் காரணமா? பெரிய வீட்டுப் பழைய துணி போட்டு வளர்ந்த எங்களில் ஒருவர் அதை முடிக்கும் முன்பே ‘வேண்டாம்’ என்று சொல்லியாகிவிட்டது. காரணத்தைப் பிறகுதான் தேடினோம். தற்செயலாக அது சரியாகவும் இருந்தது. அந்த நண்பருக்கு இன்றுவரை இது தெரியாது. இப்போது படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

மூன்றாவது இரவு பெட்டியைப் பிரித்தோம். பிரித்தே ஆகவேண்டியிருந்தது. ஏனென்றால் அதற்குள் ஒன்று புரிந்திருந்தது: விலையைப் பார்த்து எதுவும் தெரியாது, ஸ்டிக்கரைப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டிக்கர் சீட்டின் உடம்பில் ஒட்டியிருக்கும்.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர். அதில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு எண்ணும். அந்த எண் எந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்தது என்பதைச் சொல்கிறது. 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 4 நெதர்லாந்து. பக்கத்தில் எத்தனை கிலோ முதல் எத்தனை கிலோ வரை என்ற அளவு. கீழே 04 என்று தொடங்கும் நீண்ட அனுமதி எண். ஐக்கிய நாடுகள் அவையின் ஆர்44 என்ற விதியின் நான்காவது திருத்தத்தின்படி சோதிக்கப்பட்டது என்று அதற்குப் பொருள். இந்தியாவுக்கென்று ஏஐஎஸ்-072 என்ற தரவிதி இருக்கிறது. அதுவும் ஆர்44-ஐ ஒட்டி எழுதப்பட்டதுதான். எங்கள் சீட்டில் ஆரஞ்சு ஸ்டிக்கர் இருந்தது. டார்ச் அடித்து இருவரும் மாறி மாறிப் படித்தோம்.

அந்த ஸ்டிக்கர் கிடைக்க என்ன செய்கிறார்கள்? சீட்டை ஒரு தண்டவாள வண்டியில் பொருத்தி, அளவெடுத்துச் செய்த பொம்மையை உட்காரவைத்து, 50 கிலோமீட்டர் வேகத்தில் கொண்டுபோய்ச் சட்டென்று நிறுத்துகிறார்கள். பொம்மையின் தலை எவ்வளவு தூரம் முன்னால் போகலாம், நெஞ்சில் எவ்வளவு அழுத்தம் விழலாம் என்பதற்கு எல்லை உண்டு. தாண்டினால் ஸ்டிக்கர் இல்லை. இந்தச் சோதனையில் 5,400 ரூபாய் சீட்டுக்கு ஒரு வேகம், 32,000 ரூபாய் சீட்டுக்கு ஒரு வேகம் என்று கிடையாது. எல்லாருக்கும் அதே தண்டவாளம், அதே பொம்மை. இதைப் படித்தபோது எங்களுக்கு வந்த உணர்வை எப்படிச் சொல்வது? பொதுத்தேர்வு மாதிரி. தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் அதே வினாத்தாள்.

அப்படியானால் மிச்சம் 26,600 ரூபாய் எதற்கு? ஓரளவு சொகுசுக்கு. மெத்தென்ற துணி, சுழலும் அடிப்பகுதி, சாய்க்கும் வசதி. ஓரளவு பொருத்துவதில் தவறு வராமல் இருப்பதற்கு. ஐசோஃபிக்ஸ் என்று காரின் உடம்பிலேயே கொக்கி இருக்கும், சீட் அதில் சொடுக்கி உட்கார்ந்துவிடும். எங்கள் 2013 மாடலில் அந்தக் கொக்கியே இல்லை. ஆக அந்தப் பணம் எங்களுக்கு வீண். ஆனால் ஓரளவு உண்மையான பாதுகாப்புக்கும்தான், அதை மறைக்கக்கூடாது. ஆர்44 விதியில் பக்கவாட்டு மோதல் சோதனை கிடையாது. அதற்குப் பின் 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 என்ற விதியில் அது உண்டு. 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே உட்காரவேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. விலை உயர்ந்த சீட்டுகள் பல இந்தப் புது விதிப்படி வந்தவை. நாங்கள் வாங்கி ஒன்றரை வருடம் கழித்து, 2024 செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆர்44 சீட்டுகளைக் கடைகளில் விற்பது முடிவுக்கு வந்தது. அங்கே கடையில் வைக்க முடியாத தரத்தில் எங்கள் மகள் உட்கார்ந்திருந்தாள். இது உறுத்தாமல் இல்லை. இன்றும் உறுத்துகிறது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் பெற்றோருக்குத் தரும் ஆலோசனையில், விலை அதிகம் என்பதால் சீட் அதிகப் பாதுகாப்பானது ஆகிவிடாது, குழந்தைக்கும் காருக்கும் பொருந்தி ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தப்படுவதே நல்ல சீட் என்கிறார்கள். இதையும் அந்த மூன்றாவது இரவில்தான் படித்தோம். சண்டையில் ஒரு பக்கம் இதனால் ஜெயித்தது. எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டோம்.

உண்மையில் எங்களைப் பயமுறுத்த வேண்டியது 5,400-க்கும் 32,000-க்கும் இடையில் உள்ள பள்ளம் இல்லை. அதற்குக் கீழே ஒன்று இருக்கிறது. ஆன்லைனில் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ‘கார் சீட்’ என்ற பெயரில் ஒரு துணி மெத்தை விற்கிறார்கள். நான்கு வார், ஒரு பிளாஸ்டிக் கொக்கி. கார் சீட்டின் முதுகில் பள்ளிப் பை மாதிரி மாட்டிக்கொள்ளலாம். ஸ்டிக்கர் கிடையாது, அனுமதி எண் கிடையாது. கூட வேலை பார்க்கும் தோழர் ஒருவர் அதை வாங்கி, எங்களிடம் பெருமையாகக் காட்டினார். அவர் சம்பளம் எங்களுக்குத் தெரியும். அவரிடம் எப்படிச் சொல்வது? புதுச்சேரி கடைக்காரர் எங்களிடம் சொன்னதையே வேறு வார்த்தையில் நாங்கள் அவரிடம் சொல்வதுபோல் ஆகிவிடாதா? இரண்டு நாள் தள்ளிப்போட்டுப் பிறகு சொன்னோம். “நாய்க்குட்டியக் கட்டி வைக்கக்கூட இது பத்தாதுங்களா தோழர்?” என்று சிரித்தார். திருப்பி அனுப்ப முயன்றார். பாதிப் பணம்தான் வந்தது.

சமூகவியல் முதுகலையில் உல்ரிக் பெக் எழுதிய இடர் சமூகம் பற்றிப் படித்திருந்தோம். செல்வம் மேலே சேர்வதுபோல் இடர்கள் கீழே சேர்கின்றன, பணம் இருப்பவர் இடரிலிருந்து விடுதலையை விலைக்கு வாங்கிக்கொள்ள முடிகிறது என்கிற வாதம் அதில் வரும். தேர்வுக்குப் பத்து மார்க் கேள்வியாகப் படித்தது. அதே புத்தகத்தில் வராத ஒன்றை சோதனைப் பொம்மைகள் இல்லாத ஊரிலிருந்தும் சொல்லலாம் என்று இப்போது தோன்றுகிறது: கீழே ஒரு தளம் கட்டி, அதற்குக் கீழே எதையும் விற்கக்கூடாது என்று சட்டம் நின்றால், மேலே யார் எவ்வளவு வாங்கிக்கொண்டாலும் கவலை குறைவு. எங்கள் 5,400 ரூபாய் சீட்டை நம்பவைத்தது கம்பெனியின் நல்ல மனசு இல்லை, அந்தத் தளம்தான். ஆயிரம் ரூபாய் துணி மெத்தை தாராளமாக விற்பது அந்தத் தளத்தில் உள்ள ஓட்டை. 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் இன்றைய மூன்று முனை சீட் பெல்ட்டை வடிவமைத்தபோது, அந்தக் காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். அதனால்தான் எங்கள் பழைய காரிலும் அதே பெல்ட் இருக்கிறது.

இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். சீட்டைப் பொருத்தப் போனபோது பின் சீட்டில் பெல்ட்டின் மேல் பாதி இருந்தது, சொருகும் பூட்டு இல்லை. தேடினால், முந்தைய உரிமையாளர் போட்ட ரெக்சின் சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடந்தது. யாரும் பத்து வருடமாகப் பின்னால் பெல்ட் போட்டதே இல்லை என்று பொருள். பிளேடால் கவரைக் கிழித்து வெளியே எடுத்தோம். உள்ளே கடலைத் தோல், ஒரு இரண்டு ரூபாய் நாணயம், யாரோ ஒரு குழந்தையின் வளையல்.

பெல்ட்டை எப்படிச் சுற்றுவது என்பது அடுத்த பாடம். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது, படங்கள் எறும்பு அளவு. பக்கத்தில் கார் உபகரணம் விற்கும் கடைக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் ஐந்து நிமிடத்தில் மாட்டி, நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். குழந்தை முன்னோக்கிப் பார்த்தது, அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கையேட்டை மறுபடி பார்த்தால் முழுக்கத் தப்பு. பெல்ட் போகும் வழிக்குச் சீட்டில் இரண்டு நிறம் இருக்கிறது: பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்கச் சிவப்பு. எட்டு கிலோ குழந்தையை அவர் சிவப்பில் மாட்டியிருந்தார். எங்கள் சீட்டில் ஒன்பது கிலோவுக்குக் கீழே முன்னோக்கி வைக்கவே கூடாது. 13 கிலோ வரை பின்னோக்கி வைக்கலாம்.

ஏன் பின்னோக்கி? பிறந்த குழந்தையின் நீளத்தில் கால்வாசி தலைதான். கழுத்து எலும்பு இன்னும் முழுதாகக் கெட்டிப்படாத வயது. முன்னோக்கி உட்கார்ந்தால் மோதலில் உடம்பை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், பாரம் முழுக்கக் கழுத்தில். பின்னோக்கி உட்கார்ந்தால் முதுகு, கழுத்து, தலை எல்லாவற்றையும் சீட்டின் முதுகு ஒன்றாகத் தாங்கிக்கொள்ளும். பாப்பா பத்து கிலோ தாண்டியபோது ‘இப்பத் திருப்பிடலாமே, ரோட்ட வேடிக்கை பாக்கட்டும்’ என்று எல்லாரும் சொன்னார்கள். 13 வரை திருப்பவில்லை. கால் மடங்கியிருக்கிறதே என்பார்கள். குழந்தைகள் சம்மணம் போட்டுக்கொள்வார்கள், நம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

சரியாகப் பொருத்துவது முரட்டு வேலை. ஒருவர் சீட்டின் மேல் முழங்காலை ஊன்றி முழு எடையையும் போட்டு அழுத்த, இன்னொருவர் பெல்ட்டை இழுத்து இறுக்கவேண்டும். பிறகு பெல்ட் போகும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. முதல் முயற்சியில் எங்களுடையது ஒரு சாண் ஆடியது. குழந்தையின் தோள் வாரை விரலால் கிள்ளிப் பார்த்தால் மடிப்பு பிடிபடக்கூடாது. பிடிபட்டால் தளர்வு. பின்னோக்கி இருக்கும்போது வார் தோள் மட்டத்தில் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழிருந்து வரவேண்டும். முன்பக்கம் ஏர்பேக் உள்ள கார் என்றால் பின்னோக்கிய சீட்டை முன்னால் வைக்கவே கூடாது. விரியும் பை சீட்டின் முதுகில் அடித்துக் குழந்தையைக் கொன்றுவிடும். 50,000 ரூபாய் சீட்டை அந்த நூறு ரூபாய்க்காரர் மாட்டியிருந்தால் அது எங்கள் 5,400 ரூபாய் சீட்டைவிட மோசமாக இருந்திருக்கும். மூன்று இரவு விலையைப் பற்றிப் பேசிய நாங்கள், இதைப் பற்றி மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை.

ஆயாவைச் சம்மதிக்க வைப்பது தனிக் கதை. “கொயந்தய இப்பிடிக் கயிறு போட்டுக் கட்டினா எப்பிடி? மடியில வச்சிக்கினு வந்தா ஆவாதா?” என்றது. ஆயா மட்டும் இல்லை, உலகத்திலேயே இந்த வாதம் பழையது. அமெரிக்காவில் முதன்முதலில் டென்னசி மாநிலம் 1977-இல் குழந்தை சீட் சட்டம் கொண்டுவந்து 1978-இல் நடைமுறைப்படுத்தியபோது, பெரியவர் மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்று ஒரு விலக்கு வைத்தார்கள். அந்தச் சட்டத்துக்காகப் போராடிய குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ் அதைக் குழந்தையை நசுக்கும் திருத்தம் என்று அழைத்தார். சில வருடத்தில் அது நீக்கப்பட்டது.

இதையெல்லாம் ஆயாவிடம் சொல்ல முடியாது. கணக்கு போட்டுக் காட்டினோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருப்பவர் தன் எடையைப்போல் 14 மடங்கு இழுக்கப்படுவார். எட்டு கிலோ குழந்தை நூற்றுப் பன்னிரண்டு கிலோவாகக் கனக்கும். ஒன்றரை மூட்டை நெல். ஆயா களத்து மேட்டில் மூட்டை தூக்கியது. ஒன்றரை மூட்டையை மடியில் வைத்துப் பிடிக்க முடியுமா என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “நாங்க நடவுக்கு டெம்போ மேல நின்னுக்கினே போவோமே, முப்பது பேரு. எங்களுக்கெல்லாம் என்னாத்தக் கட்டினாங்க?” என்றது. பிறகு, “வியுந்தவங்களும் இருக்காங்க” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டது.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. நாங்கள் சீட் வாங்கிய அதே 2023 பிப்ரவரியில், இரு சக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் ஓட்டுநரோடு இணைக்கும் வாரும் கட்டாயம், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது என்ற விதியும் நடைமுறைக்கு வந்தது. நாங்கள் போகும் கிராமங்களில் குழந்தைகள் டிவிஎஸ் எக்ஸ்எல்லின் முன்பக்கம் நின்றுகொண்டு போகிறார்கள். ஷேர் ஆட்டோவில் யார் மடியிலாவது போகிறார்கள். கல்யாணம், காதுகுத்துக்கு டாடா ஏஸ் வண்டியில் நின்றுகொண்டு போகிறார்கள். அந்த வாரை விற்கும் கடை ஒன்றைக்கூட நாங்கள் இங்கே பார்த்ததில்லை. சட்டத்தைச் சொல்லி அந்தப் பெற்றோரிடம் அபராதம் கேட்பதும், ‘உயிருக்கு விலை பார்க்கலாமா’ என்று கேட்பதும் எங்கள் காதுக்கு ஒரே குரலாகத்தான் கேட்கிறது. முதலில் வாங்கக்கூடிய விலையில், ஸ்டிக்கரோடு, தமிழில் கையேட்டோடு கடைக்கு வரட்டும்.

இன்னொரு பயத்தையும் சொல்லியாகவேண்டும். 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்தும் பூஜ்ஜிய நட்சத்திரம். எங்கள் கார் அந்தக் காலத்துக் கார், ஏர்பேக் கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் வந்து, குழந்தைப் பாதுகாப்புக்குத் தனியே 49 புள்ளி வைத்து மதிப்பிடுகிறார்கள். புதுக் கார் வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கலாம். பழைய கார் வாங்குகிறவர்கள்? ஸ்டிக்கர் ஒட்டிய சீட்டை ஸ்டிக்கர் இல்லாத டப்பாவுக்குள் மாட்டி வைத்திருக்கிறோம். அதனால் 70-க்கு மேல் ஓட்டுவதில்லை என்று முடிவு செய்தோம். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

ஒரே ஒருமுறை சோதனை வந்தது. விக்கிரவாண்டி தாண்டி, சர்வீஸ் சாலையிலிருந்து ஒரு டிராக்டர் நேராக ஏறிவிட்டது. முழு பிரேக். பின் சீட்டில் இருந்த பையும் தண்ணீர் பாட்டிலும் பறந்து முன்னால் வந்தன, போன் கண்ணாடியில் அடித்து விழுந்தது. பாப்பா சீட்டிலேயே இருந்தாள். தூக்கம் கலைந்து அழுதாள், அவ்வளவுதான். எங்களில் ஒருவர், “பாத்தியா, போதும்” என்றார். மற்றவர், “இது மோதலே இல்லையே” என்றார். இரண்டுமே சரிதான். அதற்கப்புறம் பையைத் தரையில் வைக்கிறோம்.

இப்போது அவளுக்கு நாலு வயது ஆகப்போகிறது. எடை 16 கிலோதான், ஆனால் தோள் மேல் துளையைத் தாண்டிவிட்டது. அடுத்த அளவு சீட் பார்க்கவேண்டும். மறுபடி அதே கடை, அதே வரிசை. இந்தத் தடவை விலைச்சீட்டைத் திருப்பாமல் சீட்டையே கவிழ்த்துப் போட்டு ஸ்டிக்கரைத் தேடுகிறோம். விற்பனையாளர் வேறொருவர். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டுவிட்டு அவரும் குனிந்து பார்த்தார்.

பழைய சீட்டை அந்தத் துணி மெத்தைத் தோழர் கேட்டார். அவர் தம்பி கால் டாக்சி ஓட்டுகிறார், அவருக்குப் பிறந்த பையனுக்கு ஐந்து மாதம். கொடுக்கும் முன் கொஞ்சம் யோசித்தோம். பிறகு சீட்டின் அடியில் மார்க்கரில் எழுதினோம்: வாங்கிய மாதம், விபத்து எதுவும் இல்லை, வெயிலில் போட்டதில்லை, பயன்பாட்டுக் காலம் முடியும் வருடம். துணியைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொண்டு போனோம். டாக்சியின் பின் சீட்டில் புத்தம் புதிய கவர் போட்டிருந்தார்கள், போன வாரம்தான் தைத்ததாம். பெல்ட் பூட்டைக் காணவில்லை. தம்பி கவரைத் தடவிப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தார். “பிளேடு இருக்குமா தம்பி?” என்று கேட்டோம்.